படிவத்தில் இல்லாத கட்டம்

ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கிற ஆள் கையில் வைத்திருப்பது துப்பாக்கியா, மண்வெட்டியா, குடையா என்று சொல்வதுதான் அவளுடைய வேலை. பதினொரு வருடமாக அதைச் சொல்லிச் சம்பளம் வாங்கினாள். ராணுவத்துக்குக் கருவி வாங்கும் அலுவலகத்தின் மொட்டைமாடியில், தகரக் கூரைக்குக் கீழே ஒரு சிமெண்டு மேடை உண்டு. எந்த நிறுவனம் தொலைநோக்கி கொண்டுவந்தாலும், அது அந்த மேடையில் முக்காலி மேல் நின்று, அவளுடைய வலது கண்ணைத் தாண்டித்தான் எல்லைக்குப் போக வேண்டும். அலுவலகத்தில் அவளுக்குப் பருந்தம்மா என்று பெயர். சம்பளப் பட்டியல் எழுதுகிறவரைத் தவிர மற்றவர்களுக்கு அவளுடைய சொந்தப் பெயர் மறந்தே போயிருந்தது.

வீட்டில் கதை வேறு. மேசை மேலிருக்கிற சாவியை மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து தேடுவாள். அவள் கணவர் பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பவர். உலகம் முழுவதும் அவருக்கு உள்ளங்கைக்குள். அஞ்சு கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் உனக்கு ஒண்ணும் தெரியாது, அஞ்சு அங்குலத்துக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணும் தெரியாது, நடுவுல கிடக்கறதையெல்லாம் யார் பாக்கறது என்பார். அவள் சிரித்துக்கொண்டே சாவிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு தேடுவாள்.

சோதனை செய்யும் முறை இதுதான். அலுவலகத்துக்கு முன்னால் வற்றிப்போன ஏரி ஒன்று வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கும். அதன் மறுகரையில் கைவிடப்பட்ட பம்பு அறை. அதற்குச் சுண்ணாம்பு அடித்த சுவர். அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்துவதற்கென்று ஒட்டுப்பலகையில் வெட்டிய மூன்று ஆட்கள் இருந்தார்கள். மூவருக்கும் ஒரே உயரம், ஒரே சாம்பல் நிறம், ஒரே கால்சட்டை. கையிலிருப்பது மட்டும் வேறு. துப்பாக்கி வைத்திருப்பவர் சிப்பாய், மண்வெட்டி வைத்திருப்பவர் தோட்டக்காரர், மடக்கிய குடை வைத்திருப்பவர் வாத்தியார் என்று அலுவலகமே பெயர் வைத்திருந்தது. பலகைகளை எடுத்து வைப்பதற்கு அந்தக் கரையில் ஓர் ஆள். அவரை அக்கரையார் என்பார்கள். பலகையை நிறுத்திவிட்டு வாக்கி டாக்கியில் “வச்சாச்சு” என்பார். அவள் தொலைநோக்கியில் பார்த்து, மூவரில் யார் என்று சொல்வாள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் கடிகார அண்ணன், நிறுத்துக் கடிகாரத்தை அமுக்கி, எத்தனை விநாடியில் சொன்னாள் என்று எழுதுவார். ஒரு தொலைநோக்கிக்குப் பன்னிரண்டு முறை. படிவத்தில் முறைக்கு மூன்று கட்டங்கள்: சிப்பாய், தோட்டக்காரர், வாத்தியார். ஒன்றில் குறி போட வேண்டும். எந்தத் தொலைநோக்கியில் சரியான பதில் சீக்கிரம் வருகிறதோ அதற்கே ஆர்டர்.

எந்தக் கருவியை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்பதற்கு முந்தின நாள் மாலை நிறுவனத்துக்காரர்கள் முன்னிலையில் சீட்டுக் குலுக்குவார்கள். அவ்வளவு நேர்மை. அவர்கள் வாங்கிக் கொடுக்கிற டீயைக்கூட அவள் தொடமாட்டாள். ‘எங்கள் தொலைநோக்கி எழுபது மடங்கு பெருக்கும்’ என்று யாராவது மார் தட்டினால், “பெருக்கினா ஆளும் பெருகுவான், நடுக்கமும் பெருகும்” என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள். காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடித்துவிடுவாள். அதற்கு மேல் ஏரித்தரை சூடேறி, காற்று கொதிக்கிற தண்ணீர் மாதிரி நெளியும். அதில் எந்த நிறுவனத்துக்கும் நியாயம் கிடைக்காது என்பது அவள் எண்ணம்.

அந்த முறை நான்கு நிறுவனங்கள், நாற்பது கண்காணிப்புச் சாவடிகளுக்கான தேர்வு. நான்கு வருடத்துக்கு முன்பு இதே மேடையில் அவள் தேர்ந்தெடுத்த தொலைநோக்கி ஒன்று, எல்லையில் ஒரு மலைச் சாவடியில் அவள் தம்பியின் முன்னால் நின்றுகொண்டிருந்தது. அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். அம்மா போன பிறகு அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். அவன் சாவடிக்கு அவள் பார்த்து எடுத்த கருவி போனது என்று தெரிந்த நாளில், அவள் கணவருடைய பட்டறையில் போய் உட்கார்ந்து, காரணம் எதுவும் சொல்லாமல் ஒரு மணி நேரம் செயற்கைப் பற்களைத் தேய்த்துக் கொடுத்தாள். சந்தோஷம் வந்தால் அவளுக்கு அப்படித்தான்.

சோதனை நாளன்று அக்கரையார் வரவில்லை. முதல் நாள் இடுப்புப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருக்குப் பதிலாக அவர் மனைவி வந்திருந்தாள். வாக்கி டாக்கியில் அவள் குரல் முதலில் கேட்டபோது கடிகார அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“ஹலோ, அங்க யாருங்க? நான் அவங்க வீட்லேருந்து பேசறேன். பொம்மையெல்லாம் இங்கதான் நிக்குது. எதை வைக்கணும்?”

எதை வேண்டுமானாலும் வைக்கலாம், ஆனால் எது என்று எங்களிடம் சொல்லக்கூடாது, தாளில் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள் என்று அவர் விளக்கினார். அவருக்கே வேர்த்துவிட்டது. “சொல்லவே கூடாதுன்னா அப்புறம் எதுக்குங்க ரேடியோ?” என்று கேட்டாள் அந்த அம்மாள்.

முதல் தொலைநோக்கி தொடங்கியது. காற்று அசையவில்லை. அவள் வலது கண்ணைக் கண்வில்லையில் பொருத்தி, இடது கையால் குமிழை ஒரு மயிரிழை திருப்பினாள். சுவர் தெரிந்தது. சுவருக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் ஓர் ஆள்.

“தோட்டக்காரர்.”

அடுத்து வாத்தியார். அடுத்தும் வாத்தியார். பிறகு சிப்பாய். பன்னிரண்டும் தண்ணீர் பட்ட பாடாக வந்தன. கடிகார அண்ணன் விநாடிகளைக் கூட்டிப் பார்த்து, பதினொரு வருடத்தில் முதல் கருவிக்கே இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை, வயசு ஏற ஏற கண் கூர்மையாகிற ஒரே பொம்பளை நீதான் என்று கிண்டல் செய்தார். அவள் கண்ணைத் துணியால் ஒற்றிக்கொண்டாள். உள்ளுக்குள் பெருமைதான்.

வழக்கமாக அக்கரையார் தான் வைத்த வரிசையைத் தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டிவிடுவார். மதியம் ஜீப்பில் அது கீழ்த்தளத்துக்குப் போகும். அங்கே ஒருவர் இரண்டு தாளையும் ஒப்பிட்டு முத்திரை குத்துவார். இந்த அம்மாளுக்கு அந்த வழக்கமெல்லாம் தெரியாது. முதல் கருவி முடிந்ததும் அவளாகவே ரேடியோவில் வாசிக்கத் தொடங்கினாள். கடிகார அண்ணன் தடுப்பதற்குள் மூன்று பெயர் வந்துவிட்டது. சரி, வந்தது வரட்டும் என்று அவர் விளையாட்டாகப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சரி போட்டுக்கொண்டு வந்தார்.

சரி போடுகிற கை பாதியில் நின்றது.

“அம்மா, மறுபடி முதல்லேருந்து வாசிங்க” என்றார். அவள் வாசித்தாள். அவர் மறுபடி பார்த்தார். பிறகு படிவத்தைப் பருந்தம்மாவிடம் நீட்டினார்.

பன்னிரண்டில் நான்குதான் சரி.

அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று பெயரில் ஒன்றைக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சொன்னாலும் பன்னிரண்டில் நான்கு வரும். அந்தக் கணக்கு அவளுக்கு உடனே புரிந்தது. புரிந்தது தலைக்கு, கை கால் நம்பவில்லை. துப்பாக்கியை அவள் பார்த்தாளே. நான்காவது முறை, சிப்பாயின் தோளுக்கு மேல் குழல் நீட்டிக்கொண்டிருந்ததைத் தெளிவாகப் பார்த்தாள். அந்த இடத்தில் நின்றது வாத்தியார் என்கிறது ரேடியோ.

அந்த அம்மாள் மாற்றி எழுதியிருப்பாள் என்று கடிகார அண்ணன் கிசுகிசுத்தார். அது அந்தப் பக்கம் கேட்டுவிட்டது. “எனக்குத் துப்பாக்கிக்கும் குடைக்கும் வித்தியாசம் தெரியாதாங்க? என் முன்னாடி நிக்குது, தொட்டுப் பாத்து எழுதறேன்” என்று அவள் சத்தம் போட்டாள்.

பருந்தம்மா வாக்கி டாக்கியைக் கையில் வாங்கினாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, உங்க வீட்டுக்காரர் எப்படி வைப்பார் என்று கேட்டாள்.

“அவருக்கு என்னங்க, சுவத்துல ஒரு தாள் ஒட்டி வச்சிருக்காரு. அதைப் பாத்து வரிசையா வைப்பாரு. தப்பு வந்துடக் கூடாதுன்னு வந்த புதுசுலேயே எழுதினது. பழுப்பேறிப் போச்சு. நான் மூக்குக் கண்ணாடிய வீட்லயே வச்சுட்டு வந்துட்டேன். அதான் என் மனசுக்குத் தோணின மாதிரி வச்சேன்.”

“எப்பவும் அதே தாளா?”

“வேற தாள் எதுக்குங்க? அதான் சரியா இருக்கே.”

வேகமாக வீசுகிற காற்றில் கதவு சாத்திக்கொண்ட மாதிரி இருந்தது. அக்கரையார் சோம்பேறி இல்லை. பொய்க்காரரும் இல்லை. சொன்னதைத் துளி பிசகாமல் செய்கிற மனிதர். பிசகக் கூடாது என்பதற்காகத்தான் ஒரே வரிசையை ஒரு தாளில் எழுதி, ஒட்டி, பதினொரு வருடம் அதன்படியே நடந்திருக்கிறார். கீழ்த்தளத்தில் ஒப்பிடுகிறவருக்கோ இரண்டு தாளும் பொருந்தினால் போதும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித் தாள் வந்தது அவருக்கு வேலை சுத்தமாக நடப்பதன் அடையாளம்.

“தாள்ல முதல் பேரு மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாத்துச் சொல்லுங்க” என்றாள்.

கொஞ்ச நேரம் இரைச்சல். “தோட்டக்காரர்னு போட்டிருக்கு.”

அவள் வாய் தானாகத் திறந்தது. “வாத்தியார், வாத்தியார், சிப்பாய், தோட்டக்காரர், சிப்பாய், சிப்பாய், வாத்தியார், தோட்டக்காரர், தோட்டக்காரர், சிப்பாய், வாத்தியார்.”

மூச்சு விடாமல் சொன்னாள். சின்ன வயதில் மனப்பாடம் செய்த வாய்ப்பாடு மாதிரி, எங்கே இழுக்க வேண்டுமோ அங்கே இழுத்து, எங்கே வெட்ட வேண்டுமோ அங்கே வெட்டி வந்தது அது. அப்படி ஒரு வரிசை தனக்குள் இருப்பது அந்த நிமிடம் வரை அவளுக்குத் தெரியாது. வந்த புதுசில் கண்ணால் பார்த்துச் சொன்னது, சொல்லிச் சொல்லி நாக்கில் ஏறியிருக்க வேண்டும். கடிகார அண்ணன் அவளைப் பார்த்த பார்வையில் கிண்டலின் சுவடே இல்லை. அந்தப் பக்கத்தில் அந்த அம்மாள் எழுத்துக்கூட்டி முடிக்க வெகுநேரம் ஆனது. கடைசியில், “நீங்க சொன்னது அப்படியே இருக்குங்களே, நீங்க இங்க வந்து பாத்திருக்கீங்களா?” என்று கேட்டாள்.

பருந்தம்மா தகரக் கூரைத் தூணைப் பிடித்துக்கொண்டாள். கண் பார்க்கவில்லை. வாய் பாடிக்கொண்டிருந்தது, கண் அதற்கேற்றபடி வரைந்து காட்டிக்கொண்டிருந்தது. துப்பாக்கிக் குழலைத் தோளுக்கு மேல் வரைந்ததும் அதுதான்.

கீழே இறங்கி, பழைய கோப்புகளைக் கேட்டு வாங்கினாள். பதினொரு வருடத்தில் ஒன்பது தேர்வுகள். தரையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவள் தேடியது வென்ற கருவியின் பெயரை அல்ல. அது அன்று எத்தனையாவதாகப் பார்க்கப்பட்டது என்பதை. முதல் கோப்பில் கடைசி. இரண்டாவதிலும் கடைசி. ஒன்பதில் எட்டில், கடைசியாகப் பார்த்த தொலைநோக்கிதான் வென்றிருந்தது. மிச்சம் ஒன்றில் கடைசிக்கு முந்தினது. அன்று கடைசிக் கருவியின் முக்காலித் திருகு கழன்று, சோதனை பாதியில் நின்றுபோயிருந்தது. காலை வளர வளர அவள் வாய் சூடு பிடித்து, அந்தப் பாட்டு வேகமெடுத்திருக்கிறது. எந்தத் தொலைநோக்கி நல்லது என்று அவள் ஒரு நாளும் தேர்ந்தெடுக்கவில்லை. முந்தின நாள் மாலை குலுக்கிய சீட்டுதான் தேர்ந்தெடுத்திருக்கிறது.

நாலு வருடத்துக்கு முந்தின கோப்பு மடியில் கிடந்தது. தம்பியின் சாவடிக்குப் போன கருவி. அதுவும் கடைசிதான். கோப்பின் நுனியில் அவள் கையெழுத்து, தெளிவாக, தேதியோடு.

கோப்புகளோடு அவள் போய் நின்ற அலுவலக இயக்குநர் கெட்ட மனிதர் அல்ல. அவள் சொன்னதை முழுதும் கேட்டார். நடுவில் ஒரு முறை எழுந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். தாள் பறக்காமலிருக்க மேசை மேல் வைத்திருந்த கண்ணாடி எடைக்கல்லைக் கொஞ்ச நேரம் உருட்டினார்.

“நாலுமே நல்ல கம்பெனிம்மா. எதை எடுத்தாலும் மோசமில்ல. இதை நீங்க எழுதினா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? ஒவ்வொரு சாவடியிலயும் நீங்க பாத்து அனுப்பினதுதான் நிக்குது. அங்க இருக்கறவனுக்கு அது மேல சந்தேகம் வந்துடும். சந்தேகத்தோட ஒருத்தன் எப்படிக் காவல் காப்பான்?”

அடுத்த வாரம் ஆட்களை மாற்றி, முறையை மாற்றி, எல்லாவற்றையும் சரி செய்துகொள்ளலாம் என்றார். இந்த முறை மட்டும் வழக்கம் போல முடித்து, ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னார். ஐந்து மணிக்குத் தலைமையகத்தில் இருந்து ஆள் வருகிறது.

அவளுக்கு அவர் சொன்னது நியாயமாகவும் பட்டது. அதுதான் வதைத்தது. தெரியாமல் நம்பிக்கொண்டிருப்பது நல்லதா, தெரிந்து சந்தேகப்படுவது நல்லதா என்று அந்த மேசைக்கு முன்னால் நின்று யாரைக் கேட்பது? கேட்கக்கூடிய ஆள் ஒருவன்தான் இருந்தான்.

சாவடிகளில் கருவி பழுதானால் சொல்வதற்கென்று அலுவலகத்தில் தனித் தொலைபேசி ஒன்று உண்டு. அதில் தம்பியின் சாவடியைப் பிடித்தாள். பதினொரு மணி இருக்கும். அவன் பணியில்தான் இருந்தான். அக்கா பகலில் கூப்பிட்டதும் பதறிவிட்டான். மாமாவுக்கு ஏதாவதா என்றான். ஒன்றுமில்லை, கருவி விஷயம் என்று சொல்லிவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

“அஞ்சு கிலோமீட்டர்ல ஒரு ஆள் கையில என்ன வச்சிருக்கான்னு உன் டெலஸ்கோப்புல தெரியுமாடா?”

தொலைபேசி அறுந்துவிட்டதோ என்று அவள் காதோடு அமுக்கிக்கொண்டாள்.

“யார் உன்கிட்ட சொன்னது?” என்றான்.

“என்னத்தை?”

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்ததைச் சொன்னான். பட்டப் பகல். மலையடிவாரத்தில் ஒருவன் போனான். தோளில் நீளமாக ஏதோ இருந்தது. கருவியை எழுபதுக்கு ஏற்றிப் பார்த்தான். எல்லாம் நெளிந்தது. மேலிடத்தில் இருந்து ஒரே கேள்வி: துப்பாக்கியா, இல்லையா? சாவடியில் நிரப்புகிற படிவமும் அதே மூன்று கட்டப் படிவம்தான். அவன் துப்பாக்கி என்றான். கீழ்ச் சாவடியில் இருந்தவர்கள் சுட்டார்கள்.

“மண்வெட்டிதான்க்கா. வாய்க்கால் வெட்டப் போன ஆள். கால்ல பட்டுச்சு. பொழச்சுக்கிட்டாரு.”

அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். நாற்காலி இருந்ததால் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஏன்டா எனக்குச் சொல்லல?”

“என்னன்னு சொல்றது? நீ இதே கண்ணாடியில மண்வெட்டியையும் துப்பாக்கியையும் பிரிச்சுப் பாத்துத்தானே அனுப்பின. உனக்குத் தெரிஞ்சுது, எனக்குத் தெரியல. அப்ப என் கண்ணுதானே சரியில்ல? ரெண்டு கண் டாக்டர்கிட்ட போனேன். ரெண்டு பேரும் கண்ணு நல்லாருக்குன்னுதான் சொன்னாங்க. நான் நம்பல. அந்த ஆள் இப்பவும் தினம் அந்த வழியாத்தான் போறாரு. காலை இழுத்து இழுத்துப் போறாரு. அது நல்லாத் தெரியுது.”

அறைக்கு வெளியே யாரோ நடைக்கூடத்தில் டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு வருடமாக விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் தெருமுனைப் பலகையைப் படித்துக்கொண்டிருப்பான். மூளை கழண்டுவிட்டதா என்று அவள் கேலி செய்திருக்கிறாள். ஐந்து கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் உனக்கு ஒன்றும் தெரியாது.

“தம்பி, எனக்கும் தெரியலடா” என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. அவள் பம்பு அறைத் தாளைப் பற்றியும், வாயில் ஓடிய வரிசையைப் பற்றியும், குலுக்கிய சீட்டைப் பற்றியும் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மாறிக்கொண்டே வந்தது. அவன் அழுகிறானா, கோபப்படுகிறானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் கடைசியில் கேட்டது ஒன்றுதான்: “அப்ப என் கண்ணு?”

“உன் கண்ணு நல்லாருக்கு.”

போனை வைப்பதற்கு முன்னால் அவன் வேலை விஷயமாக ஒன்று சொன்னான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சாவடியில் யாருமே எழுபதுக்கு ஏற்றுவதில்லையாம். இருபதிலேயே வைத்து, கையை விட்டுவிட்டு நடையைப் பார்ப்பார்களாம். துப்பாக்கி வைத்திருப்பவன் மண்வெட்டி வைத்திருப்பவனைப் போல நடக்க மாட்டான் என்றான். அதுகூட எப்போதும் சரியாக வராது என்றும் சொன்னான்.

பன்னிரண்டரைக்கு அவள் மறுபடி மொட்டைமாடிக்கு ஏறினாள். அந்த நேரத்தில் அந்த மேடையில் அதுவரை யாரும் கண் வைத்ததில்லை. கடிகார அண்ணன், எதற்கு இந்த வெயிலில் என்று கேட்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அக்கரையில் அந்த அம்மாள் இன்னும் இருந்தாள். பசிக்கிறது, வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள். இரண்டு மணி நேரம், உங்கள் மனசுக்குத் தோன்றியபடி வையுங்கள், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள் என்றாள் பருந்தம்மா.

கிழிக்கிற சத்தம் ரேடியோவிலேயே கேட்டது. பிறகு, “வச்சாச்சு.”

அவள் கண்ணைப் பொருத்தினாள். சுவர் துணி மாதிரி ஆடியது. சுவரின் முன்னால் ஒரு கறை. கறைக்குத் தலை வந்தது, போனது. இரண்டாகப் பிரிந்தது, சேர்ந்தது. வாத்தியார் என்று நாக்கின் நுனி வரை வந்தது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடிகாரம் ஓடியது. முப்பது விநாடி. ஒரு நிமிடம். அவள் நிமிர்ந்தாள்.

“தெரியல” என்றாள்.

கடிகார அண்ணன் பேனாவோடு படிவத்தைப் பார்த்தார். “இதுல அதுக்கு இடம் இல்லையேம்மா. மூணு கட்டந்தான் இருக்கு.”

அவள் படிவத்தை வாங்கினாள். அவருடைய அளவுகோலையும் வாங்கி, முக்காலியின் மேல் தாளை வைத்து, மூன்றாவது கட்டத்துக்குப் பக்கத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரு கோடு இழுத்தாள். தாள் வழுக்கியதில் கோடு கொஞ்சம் சாய்ந்துவிட்டது. மேலே ‘தெரியவில்லை’ என்று எழுதி, அதில் முதல் குறியைப் போட்டாள்.

நான்கு தொலைநோக்கிகளிலும் பார்த்தாள். எழுபது மடங்கு என்று இந்த முறை மார் தட்டிய நிறுவனத்தின் கருவியில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டும் நான்காவது கட்டத்தில் விழுந்தது. நான்கிலும் எடை குறைந்த, பெருக்கம் குறைந்த, விளம்பரத் தாள்கூட ஒழுங்காக அச்சடிக்காத ஒரு கருவியில் மட்டும் மூன்று முறை தெரிந்தது. அந்த மூன்றும் சரியாக இருந்தன. அதற்காக அதுதான் நல்லது என்று அவள் எழுதவில்லை. சாவடியில் உட்காருகிற மூன்று சிப்பாய்களை வரவழைத்து, பத்து நாள், காலையும் நண்பகலும், பலகை ஆட்களை விட்டுவிட்டு நடக்கிற ஆட்களை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று எழுதினாள். கீழே இரண்டாவது பத்தியாக, கடந்த பதினொரு வருடத்து ஒன்பது தேர்வுகளிலும் தான் கண்ணால் பார்த்துத்தான் சொன்னதாக உறுதி இல்லை, அந்தக் கருவிகளைக் கொண்டு ஐந்து கிலோமீட்டரில் ஆயுதம் உண்டு என்று உறுதி சொல்ல வேண்டாம், இதைச் சாவடிகளுக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று எழுதினாள். அந்தப் பத்தியை மூன்று முறை கிழித்து எழுதினாள். எழுத்து தன் எழுத்து மாதிரியே இல்லை.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இயக்குநர் அதைப் படித்தார். படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இதோட உங்களைப் பருந்தம்மான்னு கூப்பிடறது முடிஞ்சுது, தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“இதை அனுப்பாம நான் வச்சுக்கிட்டா?”

“என் தம்பி சாவடியில என் கையெழுத்து நிக்குது சார். அவன் ரெண்டு வருஷமா அதை நம்பித் தன் கண்ணைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கான்.” இயக்குநர் எடைக்கல்லைத் தூக்கி அந்தத் தாளின் மேல் வைத்தார். தலைமையக ஆள் வந்தபோது தாள் அங்கேயே இருந்தது. அவர் அதைத்தான் எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது அவள் முதல் மாடியில், முக்காலிகளும் தோல் உறைகளும் வந்து சேரும் பிரிவில் இருக்கிறாள். திருகு சரியாக இருக்கிறதா, தையல் பிரிந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கிற வேலை. கடிகார அண்ணன் அவ்வப்போது டீயோடு வந்து உட்காருவார். அவளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கொஞ்ச நாள் “இந்தாம்மா” என்று சமாளித்தார். ஒரு நாள் சம்பளப் பட்டியல்காரரிடம் போய்க் கேட்டுக்கொண்டு வந்து, சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவளுக்கு யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

புதிய படிவம் அச்சாகி வந்தது. நான்கு கட்டங்கள். நான்காவது கட்டத்தின் கோடு லேசாகச் சாய்ந்திருந்தது. அச்சகத்துக்காரர் அவள் போட்ட கோட்டையே அப்படியே எடுத்துவிட்டிருந்தார்.

அது மலைச் சாவடிக்குப் போய்ச் சேர்ந்த வாரம் தம்பி கூப்பிட்டான். நலம் விசாரித்தான். மாமாவின் பட்டறையைப் பற்றிக் கேட்டான்.

“அக்கா, அந்த ஆள் இன்னிக்கும் போனாரு.”

“ம்.”

“தோள்ல நீளமா என்னமோ இருந்துச்சு.”

அவள் தொலைபேசிக் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். “என்னன்னு எழுதின?”

“தெரியலன்னு.”